எலுமிச்சை மரத்தை வெட்டலாமா? யூதச் சட்டத்தில் மரம், மண், வீணாக்காமை

பாலைவனவாசி (இழையைத் தொடங்கியவர்)

2021 ஆகஸ்டில் ஆராய்ச்சிப் படிப்புக்காக இஸ்ரேலின் பீர்ஷெபா வந்தேன். அன்றிலிருந்து ஒரே வீடுதான். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் மொராக்கோவிலிருந்து பெற்றோரோடு வந்தவர். பின்கட்டில் ஓர் எலுமிச்சை மரம் நிற்கிறது. அவர் கணவர் வைத்தது, அவர் இப்போது இல்லை.

மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறார், பின்பக்கம் ஓர் அறை எடுக்க வேண்டும். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, மரத்தை எடுத்தால்தான் அஸ்திவாரம் போட முடியும் என்றார். அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார்: "ரப்பியைக் கேட்காமல் இதில் கோடரி படக்கூடாது." ரப்பி என்றால் யூத மதகுரு. மரம் மேல் உள்ள பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சட்டம் என்கிறார். பழ மரத்தை வெட்டுவது யூத வேதமான தோராவில் தடை, மீறினால் ஆபத்து என்று அவர் பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறார்.

துணைக்கு நானும் போனேன். ரப்பி மரத்தைப் பற்றிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு டாக்டர் மாதிரி கேட்டார்: வருடத்துக்கு எவ்வளவு காய்க்கிறது? அறையை வேறு பக்கம் எடுக்க வழியே இல்லையா? கடைசியில், "வெட்டாதீர்கள், மண்ணோடு பெயர்த்து வேறு இடத்தில் வையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. இதன் வேர் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுபுரட்டி

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேர் தோராவின் ஐந்தாம் நூலான உபாகமம், 20-ஆம் அதிகாரம், 19-ஆம் வசனம். இடம்தான் முக்கியம்: அது தோட்டக்கலையைப் பற்றிய பகுதி அல்ல, போர்ச் சட்டம். ஒரு நகரத்தைப் பல நாள் முற்றுகை போட்டிருக்கும்போது, அதன் பழ மரங்கள் மேல் கோடரி ஓங்காதே, கனியைச் சாப்பிடலாம், வெட்டக்கூடாது என்கிறது. அடுத்த வசனம், பழம் தராது என்று தெரிந்த மரத்தை மட்டும் முற்றுகை வேலைக்கு வெட்டலாம் என்கிறது. அந்தக் காலத்தில் எதிரியின் தோப்பை அழிப்பது வழக்கமான போர்முறை. அசீரிய மன்னர்கள் அதைக் கல்வெட்டில் பொறித்துப் பெருமைப்பட்டிருக்கிறார்கள்.

அந்த வசனத்தின் நடுவில் ஒரு எபிரேயத் தொடர் வருகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "ஏனெனில் மனிதன் வெளியின் மரம்". கேள்விக்குறி இல்லாத எழுத்து. 11-ஆம் நூற்றாண்டு பிரான்ஸின் வேத உரைகாரர் ராஷி இதைக் கேள்வியாகப் படித்தார்: "உன்னோடு சண்டை போட்டு முற்றுகைக்குள் ஒளிந்துகொள்ள, மரம் என்ன மனிதனா?" மரத்துக்கு உன்னோடு பகை இல்லை, அதை ஏன் தண்டிக்கிறாய் என்பது பொருள். அவருக்குப் பின் ஸ்பெயினிலிருந்து வந்த இப்ன் எஸ்ரா அதை வாக்கியமாகப் படித்தார்: மனிதனின் உயிர் மரத்தில் இருக்கிறது, மரத்தை வெட்டினால் உன் சோற்றை நீயே வெட்டுகிறாய். நம் பழைய தமிழ் வேதாகமமும் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறது, மரங்கள் மனிதனின் ஜீவனத்துக்கு என்று.

மரத்தை மரத்துக்காகக் காப்பதா, மனிதனுக்காகக் காப்பதா? யூதச் சூழலியல் விவாதம் முழுவதும் இந்த ஒரு தொடரைச் சுற்றித்தான் ஓடுகிறது.

"அழிக்காதே" என்பதன் எபிரேயம் "பல் தஷ்ஹித்". மரத்தில் தொடங்கிய இந்தத் தடை பிறகு எல்லாவற்றுக்கும் விரிந்தது. 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் எழுதுகிறார்: பாத்திரத்தை உடைப்பவன், துணியைக் கிழிப்பவன், கட்டடத்தை இடிப்பவன், ஊற்றை அடைப்பவன், உணவைப் பாழாக்குபவன், எல்லோரும் இந்தத் தடையை மீறுகிறார்கள். மரத்தை வெட்டாமல், அதற்குப் போகும் வாய்க்காலைத் திருப்பிக் காயவிடுவதும் தடைதான்.

உங்கள் ரப்பி காய்ப்பைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் பழைய ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தில் இருக்கிறது. பேரீச்சை ஒரு காவ் அளவு காய்த்தால் வெட்டக்கூடாது. ஒலிவ மரத்துக்குக் கால் காவ் போதும். ஒரு காவ் என்பது 24 முட்டையின் கொள்ளளவு. அதே பக்கத்தில் ரப்பி ஹனினா சொல்கிறார்: "என் மகன் இறந்தது, காலம் வருமுன் அவன் ஓர் அத்தி மரத்தை வெட்டியதால்தான்." வீட்டுக்காரம்மாவின் பாட்டி பயந்தது இந்த வரிக்குத்தான்.

எதிர்வெயில்

ஏடுபுரட்டி ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் பச்சையாக்க முடியாது. ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே "பூமியைக் கீழ்ப்படுத்துங்கள், ஆண்டுகொள்ளுங்கள்" என்று இருக்கிறதே? இன்றைய சூழல் சீரழிவின் வேர் இந்த மனப்பான்மைதான் என்று வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967-இல் எழுதினார். அவர் குறிவைத்தது மேற்குலகக் கிறிஸ்தவத்தை என்றாலும் வசனம் யூதர்களுடையது.

இன்னொன்று. 2 இராஜாக்கள் 3-இல் மோவாபோடு போர். எலிசா தீர்க்கதரிசியே "நல்ல மரங்களையெல்லாம் வெட்டுங்கள், ஊற்றுகளையெல்லாம் தூர்த்துவிடுங்கள்" என்கிறார். அதையே செய்தும் முடிக்கிறார்கள். அப்போது உபாகமம் எங்கே போனது?

செம்மண்

நான் தோட்டக்கலைக்காரன், மதம் பேசத் தெரியாது. பாலைவனவாசி, மரத்தை எப்போது பெயர்க்கப் போகிறீர்கள்? எலுமிச்சை வகை மண்கட்டி உடைந்தால் பிழைப்பது கடினம். தண்டிலிருந்து நன்றாகத் தள்ளி வட்டம் போட்டு வெட்டி, வேரும் மண்ணும் ஒன்றாகச் சாக்கில் கட்டித் தூக்கச் சொல்லுங்கள். கிளைகளை நன்றாகக் கவாத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் இலை வழியே போகும் தண்ணீரை வெட்டுப்பட்ட வேரால் ஈடுகட்ட முடியாது.

பாலைவனவாசி

செம்மண் அண்ணே, நன்றி. ரப்பியும் மண்கட்டியைத்தான் அழுத்திச் சொன்னார்! ஆனால் காரணம் வேறு. புதிதாக நட்ட மரத்தின் பழத்தை முதல் மூன்று ஆண்டு தொடக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டாம், "ஓர்லா" என்கிறார்கள். பெயர்த்து நட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனால் மரம் தாக்குப்பிடித்து வாழும் அளவுக்குத் தன் மண்ணோடு வந்தால் அது பழைய மரமாகவே கணக்கு. மிஷ்னாவில், அதாவது சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த நூலில் உள்ள விதி என்றார்.

நான் வந்த ஒரு மாதத்திலேயே ஷ்மிட்டா ஆண்டு தொடங்கியது, செப்டம்பர் 2021 முதல் செப்டம்பர் 2022 வரை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு. விதைக்கக்கூடாது, கவாத்து கூடாது, அறுவடை செய்து விற்கக்கூடாது. தானாக விளைவது எல்லோருக்கும் பொது. அந்த வருடம் சமையலறையில் அம்மா ஒரு மூடிபோட்ட டப்பாவைத் தனியாக வைத்திருந்தார். முதல் வாரம் கேரட் தோலைச் சீவி வழக்கமான குப்பைக்கூடையில் போட்டேன். ஓடி வந்து கையைப் பிடித்தார். ஏழாம் ஆண்டு விளைச்சலுக்குப் புனிதம் உண்டு, தின்னக்கூடிய பகுதியைக் குப்பையோடு கலந்து அசிங்கப்படுத்தக்கூடாது. தோலும் மிச்சமும் அந்த டப்பாவில் கிடந்து தானாக அழுகிய பிறகுதான் வெளியே போகும். ஒரு வருடம் முழுக்க அந்த டப்பாவைத் திறந்து மூடினேன். சாப்பாட்டில் எவ்வளவை எறிகிறோம் என்பதை என் வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

வடலி

நான் யாழ்ப்பாணம். இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வர, அந்த முற்றுகை வசனத்தில நிண்டுட்டன்.

எங்கட ஊரில சண்டைக் காலத்தில பனையைத் தறிச்சுத்தான் பங்கருக்கு மூடினது. பனங்குத்தி துளைக்காது எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ர அம்மம்மாவின்ர வளவில 11 பனை போச்சு. ஒரு பனை வளந்து காய்க்க 15, 20 வருசம் எடுக்கும். தறிச்ச அண்டைக்கு அம்மம்மா ஒண்டும் கதைக்கேல்ல, குந்தி இருந்து ஓலையைப் பொறுக்கி அடுக்கினவ. உயிர் தப்ப வேணும் எண்டால் பனை போகத்தானே வேணும் எண்டு அயலுக்குள்ள ஆறுதல் சொன்னாங்கள்.

அரண் கட்டுறதுக்குப் பழமரத்தைத் தறிக்காதே எண்டு ஆரோ ஒருத்தர் சட்டமா எழுதி வச்சிருக்கினம் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். என்ர கேள்வி இதுதான் ஐயா: உயிர் போற நேரத்திலும் அந்தச் சட்டம் நிக்குமா?

ஏடுபுரட்டி

வடலி, உங்கள் அம்மம்மா ஓலையை அடுக்கிய காட்சி கண்ணை விட்டு அகலவில்லை.

நேரடியான பதில்: நிற்காது. உயிரைக் காப்பது யூதச் சட்டத்தில் ஏறத்தாழ எல்லாத் தடைக்கும் மேலே. உருவ வழிபாடு, கொலை, தகாத உறவு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் அது வழிவிடாது. அதனால் உயிருக்கு வேறு வழியில்லாத நேரத்தில் பனையை வெட்டியவரை இந்தச் சட்டம் குற்றவாளி ஆக்காது. ஆனால் உபாகமம் பேசுவது முற்றுகையிடும் படையிடம், உள்ளே அடைபட்டவரிடம் அல்ல. கையில் கோடரியும் பலமும் வைத்திருப்பவனை நோக்கித்தான் "ஓங்காதே" என்கிறது.

இந்தச் சட்டத்தைச் சுமந்த மக்கள் பிறகு முற்றுகைக்கு உள்ளேயும் இருந்தார்கள். பொது ஆண்டு 70-இல் ரோமானியர்கள் எருசலேமைச் சூழ்ந்தபோது, மண்மேடு கட்டுவதற்காகச் சுற்றிலும் 90 ஸ்தாதியம் தொலைவுக்கு, நம் கணக்கில் சுமார் 16 கிலோமீட்டர், மரங்களை வெட்டித் தீர்த்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். தோப்பும் பூங்காவுமாக இருந்த இடம் பாலையாகிவிட்டது, முன்பு பார்த்தவர் இப்போது வந்தால் அடையாளம் தெரியாது என்கிறார்.

எதிர்வெயில், எலிசாவின் கட்டளை உண்மையிலேயே இடறும் இடம்தான், மழுப்ப மாட்டேன். அது அந்த ஒரு போருக்கு மட்டுமான விலக்கு என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை.

"ஆண்டுகொள்ளுங்கள்" பற்றி: அடுத்த அதிகாரத்திலேயே மனிதனைத் தோட்டத்தில் வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" என்று வருகிறது. லேவியராகமம் 25:23 இன்னும் கறாரானது: "நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் அந்நியரும் குடியிருப்போருமே." வாடகைக்காரன் வீட்டை இடிக்க முடியாது. பிரசங்கி நூலுக்கான மித்ராஷில், அதாவது ரப்பிகளின் விளக்க நூலில், ஒரு பழைய கதை உண்டு. கடவுள் ஆதாமைத் தோட்டத்து மரங்கள் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டுச் சொல்கிறார்: பார், எவ்வளவு அழகு, எல்லாம் உனக்காகத்தான் படைத்தேன். என் உலகத்தைக் கெடுத்துவிடாதே, கெடுத்தால் உனக்குப் பின் அதைச் சரிசெய்ய யாரும் இல்லை.

எதிர்வெயில்

கதை அழகு. நடப்பைப் பேசுவோம்.

ஷ்மிட்டாவைப் புகழ்ந்தீர்கள். 1888–89 ஷ்மிட்டாவிலேயே புதிதாகக் குடியேறிய விவசாயிகள் பட்டினிக்குப் பயந்து ரப்பிகளிடம் போனார்கள். தற்காலிகமாக நிலத்தை யூதரல்லாதவருக்கு எழுத்தில் விற்றுவிட்டு உழுதுகொள்ளலாம் என்று வழி காட்டினார்கள். 1909–10-இல் ரப்பி கூக் அதை உறுதிப்படுத்தினார். இன்றும் அந்த ஏற்பாடு நடக்கிறது. காகிதத்தில் ஓய்வு, வயலில் டிராக்டர். நிலத்துக்கு என்ன கிடைத்தது?

வடக்கில் ஹூலா சதுப்பு நிலம். 1950-களில் வடித்து வயலாக்கினார்கள். ஒலிவ மரங்களையும் சொல்லியாக வேண்டும். மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகளின் ஒலிவ மரங்கள் வெட்டப்படுகின்றன, பிடுங்கப்படுகின்றன. உபாகமம் 20 ஓதப்படும் நாட்டில் இது எப்படி?

மட்டுறுத்துநர்

ஒலிவ மரக் கேள்வி இழைக்குப் பொருந்துகிறது, அதனால் விட்டுவைக்கிறேன். போரைப் பற்றிய பொதுச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே சட்டத்தையும் மரத்தையும் மண்ணையும் பற்றி மட்டும்.

செம்மண்

ஹூலா எங்கள் துறையில் பாடமாகவே சொல்லப்படுவது. 1951 முதல் 1958 வரை வடித்தார்கள், மலேரியா ஒழியும், நல்ல நிலம் கிடைக்கும் என்று. அடியில் இருந்தது கரிமண், ஆயிரக்கணக்கான ஆண்டு மட்கிய தாவரம். தண்ணீர் போனதும் காய்ந்து அடிக்குள்ளேயே தீப்பிடித்துக் கனன்றது, நிலம் இறங்கியது, கரும்புழுதி பறந்தது. அதில் இருந்த சத்து கரைந்து கலிலேயாக் கடல் வரைக்கும் போனது, அது அந்த நாட்டின் குடிநீர் ஏரி. 1994-இல் ஒரு பகுதியில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். இப்போது குளிர்காலத்தில் பல்லாயிரம் கொக்குகள் அங்கே இறங்குகின்றன.

ஹூலாவில் மட்டுமே வாழ்ந்த புள்ளித் தவளை ஒன்று உண்டு. 1996-இல் அழிந்துபோனதாகவே அறிவித்துவிட்டார்கள். 2011-இல் உயிரோடு கிடைத்தது.

ஏடுபுரட்டி

செம்மண், அந்தத் தவளைக்கும் ஒரு பழைய வரி இருக்கிறது. கூட்டில் தாய்ப்பறவையைக் குஞ்சோடு சேர்த்துப் பிடிக்காதே என்று உபாகமம் 22 சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் வேத உரைகாரர் ராம்பான் அதற்கு இரண்டு காரணம் தருகிறார். ஒன்று, நமக்குள் கொடூரம் வளரக்கூடாது. மற்றது, ஓர் உயிரினத்தை உணவுக்கு அறுக்க அனுமதித்த வேதம், அந்த இனத்தையே வேரறுக்க அனுமதிக்காது. இனம் அழிவது தனிக் குற்றம் என்று ஒருவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். ஹூலாவை வடித்தவர்களில் பெரும்பாலோர் மதப்பற்று இல்லாத முன்னோடிகள் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த மரபின் பிள்ளைகள்தான், அதனால் அந்த வாதத்தை நான் கேடயமாகப் பிடிக்கவில்லை.

ஒலிவ மரத்துக்கு வருகிறேன். அங்கே நடப்பது இந்தச் சட்டத்தின்படியே பாவம், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அங்குள்ள ரப்பிகளில் ஒரு சாராரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1988-இல் தொடங்கிய "மனித உரிமைகளுக்கான ரப்பிகள்" அமைப்பினர் அறுவடைக் காலத்தில் பாலஸ்தீன விவசாயிகளோடு ஒலிவத் தோப்புகளுக்குப் போய் நிற்கிறார்கள், இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு. சட்டம் இருந்தும் மரம் விழுகிறது என்றால், விலக்குகளும் சட்டத்துக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். பழத்தைவிடக் கட்டைக்கு அதிக விலை கிடைத்தால் வெட்டலாம், பக்கத்து வயலுக்குக் கேடு என்றால் வெட்டலாம் என்று மைமோனிடிஸே எழுதுகிறார். தல்மூத்தில் ரவ் ஹிஸ்தா திராட்சைத் தோட்டத்துக்குள் பேரீச்சை நிற்பதைப் பார்த்துக் குத்தகைக்காரரிடம், "இவற்றைப் பிடுங்கிவிடு. திராட்சையால் பேரீச்சை வாங்கலாம், பேரீச்சையால் திராட்சை வாங்க முடியாது" என்கிறார். "தேவை" என்ற கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. இன்றைக்கு எந்தக் கம்பெனியும் எந்த அரசும் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகின்றன.

அதற்காகச் சட்டமே வெறும் காகிதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணெய் விளக்கை மூடி வைத்து எரிப்பவனும், நாப்தா விளக்கைத் திறந்து வைத்து எரிப்பவனும் "அழிக்காதே"வை மீறுகிறான் என்று தல்மூத் சொல்கிறது. இரண்டிலும் எண்ணெய் தேவைக்கு மேல் எரியும், அவ்வளவுதான். வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வீணாக எரிக்காதே என்கிறது.

கூடவே ஒரு தெருக்கதை. ஒருவன் தன் நிலத்துக் கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் எறிந்துகொண்டிருந்தான். வழியே வந்த பக்திமான் கேட்டார்: "உன்னுடையது அல்லாத இடத்திலிருந்து உன்னுடைய இடத்துக்கு ஏன் கல் எறிகிறாய்?" அவன் சிரித்தான். பிறகு நிலத்தை விற்க வேண்டி வந்தது. அந்தப் பொதுவழியில் நடந்துபோகையில் தான் எறிந்த கல்லிலேயே தடுக்கி விழுந்தான். சொத்துக் கணக்கை இவ்வளவு நேராகத் திருப்பிப் போட்ட கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

எதிர்வெயில்

"தேவை" என்ற கதவைப் பற்றி நீங்களே எழுதியதற்கு நன்றி. அங்கேதான் என் வாதமும் நிற்கிறது. விளக்கு வரி எனக்குப் புதிது, மனதில் வைத்துக்கொள்கிறேன். ஷ்மிட்டா பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை.

பாலைவனவாசி

எதிர்வெயில், எல்லோரும் காகிதத்தில் விற்றுவிட்டு உழவில்லை. அந்த வருடம் ஊருக்கு வெளியே பஸ்ஸில் போகும்போது சில வயல்களில் பலகை பார்த்தேன், "இங்கே ஏழாம் ஆண்டு கடைப்பிடிக்கப்படுகிறது" என்று. பின்னால் முழங்கால் உயரத்துக்குக் களை. அம்மா காய்கறி வாங்கியது ரப்பிகளின் ஒரு தீர்ப்பாயத்தின் வழியாக. விவசாயி அங்கே விற்பவர் இல்லை, தீர்ப்பாயத்தின் கூலி ஆள். நாம் கொடுப்பது வேலைக்கும் வண்டிக்குமான செலவு, விளைச்சலுக்கு விலை இல்லை.

அம்மா இன்னொன்று சொன்னார். ஒரு விளைச்சல் வயலில் காட்டு விலங்குக்குக் கிடைக்கும் வரைக்கும்தான் அதை வீட்டில் சேர்த்து வைக்கலாம். வெளியே தீர்ந்துவிட்டால் அலமாரியில் இருப்பதையும் வெளியே எடுத்துப் பொதுவாக்க வேண்டும். நரிக்கும் மானுக்கும் கிடைக்காத நாளில் உனக்கும் அது உரிமை இல்லை. இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வடலி

ராஷியின்ர வாசிப்புத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. பனைக்கு எங்களோட ஒரு பகையும் இருந்ததில்லை.

அந்த எலுமிச்சை என்னாச்சு? பெயர்த்தாச்சா?

பாலைவனவாசி

பெயர்த்தாச்சு, போன மாதக் கடைசியில். செம்மண் அண்ணே சொன்னபடி சுற்றிலும் கையால் வெட்டி, அடியில் மட்டும் சின்னப் பொக்லைன் வைத்துத் தூக்கினார்கள். மண்கட்டி ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவு. சாக்கு சுற்றிக் கயிறு போட்டு, தெருவோரம் வேலிக்குப் பக்கத்தில் இறக்கினோம். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண் உதிரும்போதெல்லாம் சத்தம் போட்டார். மூலையில் கொஞ்சம் உடைந்துவிட்டது. "இது போதும், மரம் இதில் நிற்கும்" என்று தோட்டக்காரர் சொன்ன பிறகுதான் எழுந்தார், ஓர்லா கணக்கு மறுபடி ஓடாது என்று.

இரண்டாம் வாரம் இலை எல்லாம் கொட்டிவிட்டது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சைதான். பெயர்க்கும் முன் பறித்த காய்களை அம்மா நாலாகக் கீறி உப்பு அடைத்து இரண்டு ஜாடியில் ஊறப்போட்டிருக்கிறார், அவர்கள் ஊர் வழக்கம். நம் வீட்டு உப்பு எலுமிச்சை வாசனை அப்படியே.

இங்கே நிசான் மாதத்தில், நம் பங்குனி சித்திரை வாக்கில், பூத்த பழ மரத்தின் முன் நின்று வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆசிமொழி சொல்வார்கள், "தன் உலகில் எதையும் குறைவிடாதவர்" என்று. அம்மா இத்தனை வருடமும் இந்த மரத்தடியில்தான் சொன்னாராம். இந்த முறை பக்கத்து வீட்டு மரத்தடிக்குப் போனார். திரும்பி வரும்போது வேலியோரம் நின்று இதன் கிளையையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

செம்மண்

பட்டைக்குள் பச்சை இருந்தால் விடாதீர்கள். தண்ணீர் தினமும் வேண்டாம், மண் ஒரு விரல் ஆழம் காய்ந்த பிறகு மட்டும். தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள், அந்த வெயிலில் இலையில்லாத பட்டை வெந்துவிடும். உரம் இப்போது வேண்டவே வேண்டாம்.

பாலைவனவாசி

சுண்ணாம்பு நாளைக்கே வாங்குகிறேன் அண்ணே.